பிள்ளை பிடித்தவரும் பிடிபட்ட பிள்ளையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "பள்ளிக்கூடத்துப் பையன்கள் பந்து விளையாடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒரு சட்ட ஆசிரியரிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே அதில் விஷயம் இருந்திருக்கிறது. 1997இல் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர் எழுதிய கடிதத்தின் பேரில் எழுந்த வழக்கு பத்து ஆண்டுகள் ஓடியது. இரண்டு முறை உச்ச நீதிமன்றப் படியேறியது. அந்தக் கடிதத்துக்கு வருமுன் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்வோம்.

மே மாதம் வந்தால் நம் ஊரில் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அந்த வேலைக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் ‘பிள்ளை பிடிப்பது’. சோறு உண்ண அடம்பிடித்தால் நம்மைத் தூக்கிக்கொண்டு போக வருவானே, அந்தப் பிள்ளைபிடிக்காரனின் பெயரைத் தங்கள் வேலைக்கே வைத்துக்கொண்டவர்களின் கசப்பான நகைச்சுவையை நான் மதிக்கிறேன். அமெரிக்கர்கள் ரெக்ரூட்டிங் என்று கௌரவமாகச் சொல்வதை இன்று அந்தப் பெயரிலேயே சொல்லப் போகிறேன்.

நன்றாக ஓடுகிற, தாண்டுகிற பிள்ளைக்குக் கட்டணமில்லாமல் இடம் கொடுத்து அழைத்து வருவதை நாம் தப்பாக நினைப்பதில்லை. ஏழைப் பிள்ளைக்குச் செய்த உதவி என்று ஆண்டு விழா மேடையில் சொல்லிக்கொள்வோம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் அதே காரியம் விதிமீறல். காரணம் இருக்கிறது. அங்கே அரசுப் பள்ளி என்பது பெரும்பாலும் ஓர் எல்லைக்கு உட்பட்டது. எல்லைக்குள் குடியிருப்போரின் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள். அவர்கள் கட்டும் சொத்துவரியில் ஒரு பங்கு அந்தப் பள்ளிக்குப் போகும். வெள்ளிக்கிழமை இரவு விளக்கொளியில் ஆடும் கால்பந்து அணி அந்த ஊரின் அணி. (கால்பந்து என்றால் இங்கே அமெரிக்கக் கால்பந்து, கையால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.) பக்கத்து ஊர்ப் பையனை ஆசை காட்டி இழுத்து வந்து ஆடவிட்டால், பக்கத்து ஊர்க்காரர் கண்ணுக்கு அது பள்ளி மாற்றமாகப் படாது, களவாகப் படும். எல்லையே இல்லாமல் எங்கிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடிய தனியார் பள்ளியும் அதே கோப்பைக்கு ஆடும்போது சந்தேகம் இரட்டிப்பாகிறது.

என் வாதம் ஒன்றுதான். இந்த விதி தண்டிக்க நினைப்பது ஆசை காட்டிய பெரியவரை. ஆசை காட்டியதற்குத் தடயம் கிடைப்பது அரிது. பிள்ளை வீடு மாறியதற்கும் பள்ளி மாறியதற்கும் தடயம் எப்போதும் உண்டு. ஆகவே விதியை அமல்படுத்தப் போகிறவர்கள், மனத்தில் கெடுதல் எதுவும் இல்லாமலே, பெரியவரைத் தேடிப் போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இதைச் சில படிகளில் விளக்கப் பார்க்கிறேன்.

1. கடிதம்

டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகருக்குத் தெற்கே பிரென்ட்வுட் என்ற ஊர். அங்கே பிரென்ட்வுட் அகாதெமி என்ற தனியார் பள்ளி, கால்பந்தில் பேர்பெற்றது. 1997 ஏப்ரலில் அதன் கால்பந்துப் பயிற்சியாளர் எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலருக்குக் கடிதம் அனுப்பினார். வசந்த காலப் பயிற்சிக்கு வரலாம், விளையாட்டு உடைகளும் கவசங்களும் கொடுக்கப்படும், எவ்வளவு சீக்கிரம் சேர்ந்துகொள்கிறீர்களோ அவ்வளவுக்கு உங்களுக்கு நல்லது என்பது செய்தி. முடிவில் பெயருக்கு முன்னால், உங்கள் பயிற்சியாளர் என்று உரிமையோடு எழுதியிருந்தார். பையன்கள் போனார்கள்.

மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் இதை முறையற்ற செல்வாக்கு என்றது. 1950களின் தொடக்கத்திலிருந்தே அந்தச் சங்கத்தில் அதைத் தடுக்கும் விதி உண்டு. தண்டனை கடுமையாக வந்தது: பள்ளியின் விளையாட்டுத் துறை முழுவதும் நான்கு ஆண்டுகள் கண்காணிப்பில், கால்பந்து அணியும் ஆண்கள் கூடைப்பந்து அணியும் இரண்டு ஆண்டுகள் இறுதிச் சுற்றுப் போட்டிகளில் ஆடக்கூடாது, 3,000 டாலர் அபராதம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் பையன்கள் ஏற்கெனவே அந்தப் பள்ளியில் இடம் பெற்றவர்கள். சேர்க்கை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பள்ளியின் வாதம் அதுதான்: எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதினோம், இதில் யாரைப் பிடித்தோம்? சங்கத்தின் கணக்கு வேறு. குறைந்தது மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்தால்தான் ஒரு மாணவர் அந்தப் பள்ளியின் மாணவர் என்று அதன் விதி சொன்னது. மூன்று நாளுக்கு முன்னால் எழுதினால் பிள்ளை பிடிப்பது, பின்னால் எழுதினால் அன்பான வரவேற்பு.

இந்தக் கோட்டைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. எந்த விதியும் எங்காவது கோடு போட்டாக வேண்டும். நான் கவனிக்கச் சொல்வது இதை: இத்தனை மாநிலங்களில், இத்தனை ஆண்டுகளாக, எத்தனையோ பேர் பிள்ளை பிடிப்பதாகப் புகார் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கோ கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பி, ஒன்றையும் மறைக்காத ஒரு மனிதரைப் பற்றியது. கெட்டிக்காரர்கள் கடிதம் எழுதுவதில்லை. கோடை விடுமுறையில் ஆடும் தனியார் கிளப் அணியின் பயிற்சியாளர் காதில் ஒரு வார்த்தை போட்டுவைப்பார்கள். பள்ளியின் ஆதரவாளர் மன்றத்தில் யாரோ ஒருவர் பையனின் அப்பாவுக்கு வேலை பார்த்துக் கொடுப்பார். பையனின் மாமாவை உதவிப் பயிற்சியாளராக வைத்துக்கொள்வார்கள். இவற்றில் எதுவும் தனித்தனியாகப் பார்த்தால் குற்றமில்லை.

2007 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத்தின் இரண்டாவது தீர்ப்பை நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். பள்ளி தோற்றது, முடிவில் ஒன்பது பேரும் ஒத்துப்போனார்கள். சங்கத்தில் தானாகவே சேர்ந்த பள்ளி அதன் விளையாட்டு விதிக்குக் கட்டுப்பட வேண்டும், அதனால் பேச்சுரிமை பறிபோகவில்லை என்பது சாரம். ஒரு விஷயத்தில் மட்டும் நீதிபதிகள் பிரிந்தார்கள். விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரை நேரில் தேடிப்போய் வழக்குப் பிடிக்கும் வக்கீலைத் தடுக்கலாம் என்று 1978இல் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஸ்டீவன்ஸ் அந்தத் தீர்ப்பைப் பயிற்சியாளருக்கும் பொருத்திப் பார்த்தார். நீதிபதி கென்னடியும் வேறு மூவரும் அந்த ஒப்புமையை ஏற்கவில்லை. எனக்கு ஸ்டீவன்ஸ் சொன்னது சரியாகப் படுகிறது. பதின்மூன்று வயதுப் பையனிடம் பேர்போன பயிற்சியாளர் ஒருவர் ‘உங்கள் பயிற்சியாளர்’ என்று எழுதுவது, படுக்கையில் கிடப்பவரிடம் வக்கீல் வக்காலத்தை நீட்டுவதைவிடக் குறைந்த அழுத்தம் என்று யார் சொல்ல முடியும்?

கடிதம் வந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள், வழக்கு முடிந்தபோது கல்லூரியையும் முடிக்கும் வயதைத் தாண்டியிருந்தார்கள்.

2. பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்?

அதே வழக்கின் முதல் சுற்று 2001இல். அப்போது கேள்வி கடிதத்தைப் பற்றியதல்ல, சங்கத்தைப் பற்றியது. இது அரசா, தனியாரா? அரசு என்றால்தான் அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை அதைக் கட்டுப்படுத்தும். நீதிபதி டேவிட் சூட்டர் கணக்குப் பார்த்தார். 345 உறுப்புப் பள்ளிகளில் 290 அரசுப் பள்ளிகள், 84 விழுக்காடு. அதன் நிர்வாகக் குழுக்களில் இருந்தவர்கள் அரசுப் பள்ளி நிர்வாகிகள். அரசும் சங்கமும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன, எனவே இதை அரசாகவே கொள்ள வேண்டும் என்று ஐந்து பேர் முடிவு செய்தார்கள். நீதிபதி தாமஸ் உள்ளிட்ட நான்கு பேர் மறுத்தார்கள்.

சட்டம் பயில்வோர் இந்தத் தீர்ப்பை அதன் கோட்பாட்டுக்காகப் படிப்பார்கள். நான் அதன் சமையலறையைப் பார்க்கிறேன். அரசுக்கு உரிய கடமை சங்கத்தின் தலையில் ஏறிவிட்டது. அரசுக்கு உரிய கருவி எதுவும் கையில் வரவில்லை. அது யாருக்கும் சம்மன் அனுப்ப முடியாது. வங்கிக் கணக்கைக் கொண்டுவா என்று கேட்க முடியாது. பள்ளிக்கு வெளியே இருக்கும் கிளப் பயிற்சியாளரோ, வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த வணிகரோ அதன் அதிகார எல்லைக்குள் வரமாட்டார். டென்னசிச் சங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி போட்டிகளின் நுழைவுச்சீட்டுப் பணம். கூட்டத்தை இழுக்கும் பள்ளியை வெளியே நிறுத்தினால் அதன் உண்டியலுக்கே நஷ்டம்.

ஆகவே விதி நம்பியிருப்பது யாரை? எதிரணியை. புகார் தருவது தோற்ற பள்ளி, சாட்சி சொல்வது பிள்ளையை இழந்த பயிற்சியாளர். டெக்சாஸில் இதை ஒளிவுமறைவில்லாமல் செய்கிறார்கள். புதுப் பள்ளிக்கு வரும் வீரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அது பழைய பள்ளிக்குப் போகும்: இந்த மாணவர் விளையாட்டுக்காகத்தான் பள்ளி மாறுகிறாரா என்று அவர்களிடம் கேட்பார்கள். பிறகு மாவட்டக் குழு கூடி முடிவு செய்யும். குழுவில் இருப்பவர்கள் அதே பிரிவில் ஆடும் பள்ளிகளின் கண்காணிப்பாளர்கள், அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள். நல்ல பந்து எறிபவன் ஒருவன் ஆடலாமா கூடாதா என்று, அவனை எதிர்த்து ஆடப் போகிறவர்கள் கைதூக்குகிறார்கள்.

இவர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களும் உறவுக்காரர்கள்தான். பல நேரம் நியாயமும் சொன்னார்கள். ஆனால் இந்த அமைப்பு எதைப் பார்க்க முடியும் என்று யோசியுங்கள். பக்கத்துப் பள்ளிப் பயிற்சியாளர் காதில் சொன்னதை அது பார்க்க முடியாது. பையன் போய்விட்டான் என்பதை மட்டும் தெளிவாகப் பார்க்கும்.

3. முகவரி

பார்க்க முடிந்ததை வைத்துத்தான் விதி வளர்ந்தது. பல மாநிலங்களில் வழக்கமாக இருந்துவந்த ஏற்பாடு இது: வீடு மாறாமல் பள்ளி மாறினால் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஓர் ஆண்டு, முதன்மை அணியில் ஆடக்கூடாது. யார் ஆசை காட்டினார், காட்டினாரா இல்லையா என்ற விசாரணையே வேண்டாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் படிப்பு நான்கு ஆண்டு. அதில் ஓர் ஆண்டு போவதென்றால் நாலில் ஒரு பங்கு வயலைத் தரிசு போடுவது.

இண்டியானா மாநிலத்தின் இரண்டு வழக்குகளை அருகருகே வைக்கிறேன். மாணவர்களின் பெயர் நமக்கு வேண்டாம். முதலாவது, அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்த்தது. நீச்சல் மாணவர் ஒருவர் வீடு மாறாமல் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தார். அவரை யாரும் பிடித்துக்கொண்டு வந்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. ஆனாலும் 365 நாளைக்கு முதன்மை அணி கிடையாது என்றது சங்கம். விதி செல்லும் என்றது நீதிமன்றம். ஒவ்வொரு பள்ளி மாற்றத்தின் உள்நோக்கத்தையும் தோண்ட முடியாது, எனவே பொதுவாக ஒரு வேலி போடுவதில் தப்பில்லை என்ற தர்க்கம். தர்க்கமாக அது நிற்கிறது. வேலி மாட்டுக்காகப் போட்டது. மாடு தாண்டிப் போய்விட்டது. முள் குத்தியது வழியே வந்த பிள்ளைக்கு.

அந்த வழக்கில் செல்லும் என்று சொல்லப்பட்ட இன்னொரு விதி இதைவிடக் கடுமையானது. நீதிமன்றத் தடையாணை வாங்கி ஒரு மாணவர் ஆடினார் என்று வையுங்கள். பிறகு மேல்முறையீட்டில் அந்த ஆணை ரத்தானால், அவர் ஆடிய ஆட்டங்களின் வெற்றியெல்லாம் பறிக்கப்படலாம். அணியின் வெற்றிகள் பறிபோகும் என்று தெரிந்த பிறகு, ஆணை கையில் இருந்தாலும் எந்தப் பயிற்சியாளர் துணிந்து ஆடவிடுவார்? நீதிமன்றக் கதவைச் சாத்தாமலே, உள்ளே போகிறவரின் செருப்பைக் கழற்றி வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு.

இரண்டாவது வழக்கு 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். பெற்றோர் மணமுறிவில் வீட்டில் பணம் முடைப்பட்டு, கட்டணப் பள்ளியைவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்த மாணவர். கஷ்டத்தில் இருப்போருக்கென்று விதியிலேயே ஒரு விலக்கு இருந்தது. அதைக் கேட்டார்கள். சங்கம் மறுத்தது. இந்த முறை நீதிமன்றம் சங்கத்தின் முடிவைத் தன்னிச்சையானது என்று ஒதுக்கியது. நமக்குக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் தாயிடம் பணமில்லை என்பதை நிரூபிக்க ஒரு பள்ளி மாணவர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பணம் உள்ளவர்களுக்கு முகவரி ஒரு தடையே இல்லை. எல்லைக்குள் ஒரு சிறு அடுக்ககத்தை வாடகைக்கு எடுத்து, மின்கட்டண ரசீதைத் தங்கள் பேருக்கு மாற்றினால் முடிந்தது. அப்பா ஓரிடத்திலும் அம்மா ஓரிடத்திலும் இருப்பதாகக் காட்டும் குடும்பங்கள் உண்டு. தாத்தாவைப் பாதுகாவலராக நியமித்துக்கொள்வதும் உண்டு. நம் ஊரில் நல்ல பள்ளியில் இடம் வேண்டி வாடகை ஒப்பந்தம் தயார் செய்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

உண்மையாகவே இடம்பெயர்ந்தவர்கள் வந்தபோது இந்தச் சிந்தனை எப்படித் தடுமாறியது என்பதற்கு 2005 சாட்சி. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. வீடே இல்லாத பிள்ளைகள் லூசியானாவின் பிற ஊர்களுக்கும் டெக்சாஸுக்கும் போனார்கள். அவர்களுக்காக விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது.

4. பெருக்கல் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். பிடிக்க முடியவில்லை என்பதைச் சில மாநிலங்கள் நேரடியாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லியிருக்கின்றன. மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிகளைப் பெரியது, சிறியது என்று போட்டிப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். எல்லையில்லாப் பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கும் முறையை இலினாய் 2005இல் கொண்டுவந்தது. ஆயிரம் பேர் படித்தால் 1,650 என்று கொள்வார்கள். பெரிய பள்ளிகளோடு மோத வேண்டும். லூசியானாவில் 2013இல் பள்ளி முதல்வர்கள் வாக்களித்துக் கால்பந்துக் கோப்பையையே இரண்டாகப் பிரித்தார்கள். யார் பிடித்தார் என்று கேட்பதை விட்டுவிட்டு, பிடிக்க வசதியுள்ளவர் எல்லோருக்கும் முன்கூட்டியே ஒரு சுமை. ஒழுங்காக இருக்கும் தனியார் பள்ளிக்கும் அதே சுமைதான். இதில் எனக்கு உற்சாகமில்லை. ஆனாலும் 365 நாள் விதியைவிட இது மேல்; எந்தத் தனிப் பிள்ளையையும் வெளியே உட்காரவைப்பதில்லை.

5. புளோரிடா திருப்பம்

என் வாதத்துக்கு மிக அருகில் வருவதும், என் வாதத்தைச் சங்கடப்படுத்துவதும் புளோரிடா. அங்கே சட்டமன்றமே இறங்கிவந்து பள்ளி ஊழியருக்குத் தண்டனை எழுதியது. பிள்ளை பிடித்தது நிரூபணமானால் முதல் முறை 5,000 டாலர் சம்பளத்திலிருந்து போகும். இரண்டாம் முறை அதே தொகையோடு 12 மாதம் பயிற்சியாளர் வேலை கிடையாது. மூன்றாம் முறை ஆசிரியர் சான்றிதழே மூன்று ஆண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு? பொய் ஆவணம் கொடுத்திருந்தாலோ கைநீட்டி ஏதாவது வாங்கியிருந்தாலோ ஒழிய, அவரை ஆடக்கூடாது என்று சொல்ல முடியாது. படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

2016இல் சட்டமன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. இடமிருக்கும் எந்த அரசுப் பள்ளியிலும் மாநிலத்தின் எந்தப் பிள்ளையும் சேரலாம்; சேர்ந்த உடனே ஆடலாம். முகவரி என்ற வேலி போயிற்று. வேலியோடு தடயமும் போயிற்று. பள்ளி மாறுவது இயல்பாகிவிட்ட இடத்தில், இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று எதை வைத்துச் சந்தேகப்படுவது? 5,000 டாலர் தண்டனை ஏட்டில் இருக்கிறது. யார்மேல் போடுவது என்று தேட வழியில்லை. இண்டியானாவும் 2025இல் முதல் முறை பள்ளி மாறுவோரை உடனே ஆடவிடும் விதிக்கு வந்துவிட்டது. காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

இதற்கு நேர்மாறு கலிஃபோர்னியா. அங்கே 2025 கால்பந்துப் பருவம் தொடங்கும்போதே தெற்குப் பகுதியில் பல பள்ளிகளின் வீரர்கள் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். பள்ளி மாற்றத்துக்குக் கொடுத்த ஆவணங்கள் பொய் என்பது காரணம். நன்றாகக் கவனியுங்கள்: சிக்கியது காகிதம். காகிதத்தில் இருப்பது பிள்ளையின் பெயர்.

அப்படியானால் வழி என்ன என்று கேட்பீர்கள். பெரியவர்களும் தடயம் விடுகிறார்கள், நாம்தான் அந்தப் பக்கம் தேடுவதில்லை என்பது என் பதில். கலிஃபோர்னிய விதிகளிலேயே அதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. சேர்வதற்கு முன் புதுப் பள்ளியோடு தொடர்புடைய யாருடனும் எந்தப் பேச்சு நடந்திருந்தாலும் அதைப் படிவத்தில் வெளிப்படுத்த வேண்டும். ஒரு பயிற்சியாளர் வேறு பள்ளிக்குப் போய், அவர் பின்னாலேயே அவருடைய வீரரும் போனால், அது முறையற்ற செல்வாக்குக்கு முதல்நோக்குச் சாட்சி. என் திருத்தம் சிறியது. அந்தப் படிவத்தைப் பையனின் அம்மாவிடம் நீட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் நீட்டுங்கள். கோடை கிளப்பில் யாருக்குப் பயிற்சி கொடுத்தீர், யார் பணம் கொடுத்தார், உங்கள் பழைய அணியிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று அவர் ஆண்டுதோறும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பொய் எழுதினால் அவர் வேலை போகட்டும். இதிலும் கெட்டிக்காரர்கள் தப்பிப்பார்கள். தப்பிக்கும்போது பின்னால் ஒரு பிள்ளையை மாட்டிவிட்டுப் போகமாட்டார்கள்.

என் வாதத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் 1999இல் நான்கு பையன்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள். சிறு வயதிலிருந்து ஒரே கிளப் அணியில் கூடைப்பந்து ஆடியவர்கள். நால்வரும் கறுப்பினத்தவர். கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த அரசுப் பள்ளியான பக்டெலுக்கு அவர்கள் போவார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. அவர்கள் போனதோ செயின்ட் வின்சென்ட்-செயின்ட் மேரி என்ற கத்தோலிக்கப் பள்ளிக்கு. அந்தப் பள்ளியின் புதிய பயிற்சியாளர் கீத் டாம்ப்ராட், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரில் நடத்திய பயிற்சி வகுப்புக்கு நால்வரில் ஒருவரான ட்ரூ ஜாய்ஸ் போய்வந்துகொண்டிருந்தார். நால்வரிலும் குள்ளமானவர் அவர். பக்டெல் அணியில் தனக்கு ஆட வாய்ப்புத் தரமாட்டார்கள் என்று நினைத்தார். டாம்ப்ராட் தருவார் என்று நம்பினார். ட்ரூ போகிறான் என்றதும் மற்ற மூவரும் கூடவே போனார்கள். ஊரில் பலருக்கு அது துரோகமாகப் பட்டது. அந்த அணி 2000, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் மாநிலக் கோப்பையை வென்றது. கூடவே போன அந்த மூவரில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லெப்ரான் ஜேம்ஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நான் சொன்ன படிவத்தில் டாம்ப்ராட் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அதைப் பார்த்த அதிகாரி புருவத்தை உயர்த்தியிருப்பார். ஆனால் லெப்ரானைக் கூப்பிட்டு, உன்னை இங்கே இழுத்து வந்தது யார் என்று கேட்டிருந்தால், ட்ரூ வந்தான், நானும் வந்தேன் என்றுதான் சொல்லியிருப்பார். அதை எழுதிக்கொள்ள நான் யோசித்துவைத்த படிவத்திலும் இடமில்லை.